சங்கரலிங்கம் சாரும் முன் பிரேக்கும்

செய்தி வந்தபோது நான் கார்டன் ரீச் ரயில்வே அலுவலகத்தில் இருந்தேன். கரண்ட் போயிருந்தது. கோப்பு அட்டை ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டிருந்தேன். எங்கள் பிரிவின் பியூன் ஹரிபதா வந்து மேஜைக்கு முன்னால் நின்றார். "தீதி, ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. சங்கர் பாபு..." என்று வங்காளத்தில் ஆரம்பித்தவர், மேலே சொல்லாமல் தோள் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "காலையில் கஞ்சி குடித்தாரா?" என்று கேட்டேன். போன மனிதர் கஞ்சி குடித்தால் என்ன, குடிக்காவிட்டால் என்ன! ஹரிபதா பாவம், அதற்கும் பதில் சொன்னார். "தெரியாது தீதி."

ஊரிலிருந்து அவர் அண்ணன் மகன் ரயில் பிடித்து வந்து சேரும்வரை உடலை வைத்திருக்க வழியில்லை. எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் வங்காளி ஒருவர்தான் கொள்ளி வைத்தார். சங்கரலிங்கம் சார் அதையெல்லாம் நம்பாதவர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் யாரும் முறை பேசிச் சண்டை போடவில்லை. அவர் நாத்திகத்தால் நடந்த நல்ல காரியங்களில் அதுவும் ஒன்று.

நம் தமிழ்ச் சங்கத்துக் கூட்டங்களுக்கு வருகிறவர்களில் அவரைத் தெரியாதவர் கிடையாது. கூட்டத்துக்கு முன்னால் நாற்காலி போடுவார், முடிந்ததும் மடக்கி வைப்பார், நடுவில் யாராவது ஆன்மீகம் பேசினால் வெளியே போய் பீடி குடிப்பார். கொலுவுக்கு அழைத்தால் வாசலிலேயே நின்றுகொண்டு, "சாமிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை இல்ல. சுண்டலோட ஒரு விரோதமும் கிடையாது" என்று கையை நீட்டுவார். அந்தச் சங்கரலிங்கம் சாரை உங்களுக்குத் தெரியும். நான் எழுத வந்தது வேறு. ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் பிரேக்கைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். இத்தனை நாள் இதை வெளியில் சொல்ல முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். கேட்டால் மனம் நோகக்கூடிய இரண்டு பேரும் இப்போது இல்லை.

என் கணவர் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால் எனக்கு அந்த அலுவலகத்தில் எழுத்தர் வேலை கொடுத்திருந்தார்கள். சங்கரலிங்கம் சார் என் பக்கத்து மேஜை. அவர்தான் ஜாதவ்பூரில் தாம் குடியிருந்த வீட்டின் மாடியை எனக்குப் பேசி முடித்தார். மேலே நான், கீழே அவரும் அவர் மனைவி ஆவுடையம்மாளும். இருவரும் திருநெல்வேலிப் பக்கம். பிள்ளைகள் இல்லை. எத்தனை வருஷம் வங்காளத்தில் இருந்தாலும் ஆவுடைக்கு ஊர்ப் பேச்சு ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. மீன்காரியிடமும் திருநெல்வேலித் தமிழில்தான் பேரம் பேசுவாள். அவளும் வங்காளத்தில் பதில் சொல்லுவாள். ஒரு நாளும் தகராறு வந்ததில்லை.

அந்த வருஷம் ஆவுடையின் அடிவயிற்றில் கட்டி இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். அலிப்பூர் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைக்கவேண்டும், அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை தரவேண்டும் என்றார்கள். வாரத்துக்குச் சில நாள் போய்வர வேண்டும். கதவில் ஆள் தொங்குகிற பஸ்ஸில் அவளை எப்படி ஏற்றுவது? டாக்ஸியில் ஏற்றினார்கள். கரண்ட் வைத்த உடம்புக்கு மூடின வண்டியும் பெட்ரோல் வாடையும் ஆகவே ஆகவில்லை. போகும்போதும் வாந்தி, வரும்போதும் வாந்தி. கடைசியில் ஒரு நாள் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "என்னைய இங்கேயே சாக விட்டாலும் சரி, அந்த டாக்ஸில மட்டும் ஏத்தாதீக. மூஞ்சியில காத்து அடிச்சா எனக்கு ஒண்ணும் செய்யாது."

காற்று அடிக்கிற மாதிரி ஒரு வண்டி வேண்டும் என்று சங்கரலிங்கம் சார் மோட்டார் சைக்கிள் வாங்கினார். மாற்றலாகிப் போன ரயில்வே கார்டு ஒருவர் விட்டுப்போனது. அதற்கு முன் யார் யார் கையில் இருந்ததோ! அலுவலகத்தில் எல்லோரும் மூக்கில் விரலை வைத்தார்கள். வயிற்றில் கட்டியோடு இருப்பவளை மோட்டார் சைக்கிளிலா? நானும்தான் கத்தினேன். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். முதல் நாள் பின் சீட்டில் போர்வையை நாலாக மடித்துப் போட்டு அவளை உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்து இறங்கியபோது அவள் வாந்தி எடுக்கவில்லை. முகத்தில் கொஞ்சம் ரத்தம்கூட இருந்தது. ஆனால் இறங்கி நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். "நிக்கும்போதுதான் உயிர் போவுது" என்றாள்.

அங்கேதான் ஆரம்பித்தது. வண்டி ஓடும்போது அவளுக்கு வலி இல்லை. நிற்கும்போது வலி. முன் பிரேக்கைப் பிடித்தால் கைப்பிடி கொளகொளவென்று உள்ளே போகும், வண்டி நிற்காது. ஒரு தடவை நானும் பிடித்துப் பார்த்தேன். ஆறிப்போன உப்புமாவில் கரண்டியை அழுத்துகிற மாதிரி இருந்தது. எந்த இடத்தில் பிடிக்கும், எந்த இடத்தில் விடும் என்று ஒன்றும் தெரியாது. அதனால் காலால் பின் பிரேக்கை மிதிக்க வேண்டிவரும். மிதித்தால் பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டு வண்டி வெட்டும். அந்த வெட்டு ஆவுடையின் அடிவயிற்றில் போய் விழும். டாகுரியா பாலத்தில் இறங்கும்போது ஒன்று, கரியாஹாட்டில் டிராம் குறுக்கே வந்தால் ஒன்று. ராஷ்பிஹாரியில் பாதாள ரயிலுக்காகத் தெருவைத் தோண்டிப்போட்டிருந்த இடத்தில் எத்தனை என்று கேட்கவே வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு அவர் சட்டையை இறுக்கிப் பிடிப்பாளாம். சத்தம் போடமாட்டாளாம். "சத்தம் போட்டாலாவது தேவல கோமதிம்மா. சட்டையைப் புடிக்கா, அதுதான் தாங்க முடியல" என்று சார் அலுவலகத்தில் சொன்னார்.

அவருக்கு வேண்டியது அவ்வளவுதான். மெதுவாக நிற்கிற ஒரு பிரேக். "மெதுவா நிக்கிறதுக்குப் பேருதான் பிரேக்கு. சட்டுனு நிக்கிறதுக்குப் பேரு முட்டுறது." இது அவர் சொல்லிக்கொண்டே இருந்த வாக்கியம்.

பெரிய தெருவில் நிமாய்தா என்று ஒரு மெக்கானிக் இருந்தார். நல்ல மனிதர். எதற்கும் கலங்க மாட்டார். வண்டியைப் பார்த்ததும் கேபிளை மாற்றினார், புது லைனிங் ஒட்டின பிரேக் ஷூவைப் போட்டார், "டீக் ஹொயே ஜாபே, சரியாகிவிடும்" என்று கையைத் துடைத்துக்கொண்டார். சரியாகவில்லை. மறுபடி போனால் மறுபடியும் ஒரு கேபிள், மறுபடியும் டீக் ஹொயே ஜாபே. மூன்றாவது முறை சார் வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிட்டார். "எது கெட்டுப்போச்சுன்னு தெரியாம எதையும் மாத்தக் கூடாது. மாத்தினா ரெண்டு கேடாயிரும்" என்றார். கோப்பு பார்க்கிற மனிதருக்கு எதற்கு இந்த வேலை என்று நான் கேட்டேன். "கோப்புலயும் இதான கோமதிம்மா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் முற்றத்தில் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துவார். பிரேக்கைப் பிடித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், நடப்பதைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆவுடையால் பிடிக்க முடியாது. நான் பிடிப்பேன். புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு மோட்டார் சைக்கிளின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற விதவையைப் பார்த்து, வீட்டுக்கார மாஷிமா ஜன்னலைச் சாத்திக்கொள்வாள். போகட்டும். ஆவுடை வாசல்படியில் தலையணையில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்ப்பாள். "அக்கா, நீங்க புடிக்கப் புடிக்க இவுக மோப்பம் புடிக்காக" என்று சிரிப்பாள்.

முதல் கண்டுபிடிப்பு கேபிளின் உறை. நான் கைப்பிடியை அழுத்தும்போது உள்ளே இருக்கிற கம்பி இழுபடுவதற்குப் பதிலாக, மேலுறை வளைந்து நெளிந்தது. நான் கொடுக்கிற பலத்தில் பாதியை அதுவே தின்றுவிடுகிறது. நிமாய்தா கம்பியை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தாரே தவிர உறையை மாற்றவில்லை. தடித்த உறை ஒன்றை வாங்கிப் போட்டார். கொஞ்சம் தேறியது. அடுத்த வாரம், சக்கரத்தின் பக்கத்தில் கேபிள் வந்து சேருகிற சின்னக் கை ரொம்பவும் சாய்ந்து இழுக்கிறது என்று பார்த்து, அதைக் கழற்றி ஒரு பல் தள்ளி மாட்டினார். இன்னும் கொஞ்சம் தேறியது. ஆனாலும் கடைசியில் அந்தக் கொளகொளப்பு மிச்சம் இருந்தது.

பிறகு சக்கரத்தையே கழற்றினார். உள்ளே டிரம் என்று ஓர் இரும்பு வட்டம். அதற்குள்ளே பிறை நிலா மாதிரி இரண்டு ஷூ; அவற்றின் மேல் ஒட்டின பட்டைதான் லைனிங். பிரேக் பிடித்தால் ஷூ விரிந்து டிரம்மின் உள்பக்கத்தை அணைத்துப் பிடிக்க வேண்டும். ஷூவின் மேல் சாக்பீஸைத் தேய்த்து, சக்கரத்தை மாட்டிச் சுற்றிவிட்டு, என்னைப் பிடிக்கச் சொன்னார். திரும்பக் கழற்றிப் பார்த்தால் ஷூவின் இரண்டு முனையில் மட்டும் சாக்பீஸ் அழிந்திருந்தது. நடுவில் வெள்ளை வெளேரென்று அப்படியே இருந்தது. சங்கரலிங்கம் சார் முற்றத்தில் கால் நீட்டி உட்கார்ந்து, "ஏளா ஆவுடை, இங்க பாரு! கெடச்சிட்டு!" என்று கத்தினார். முனை மட்டும் தொடுகிறது, நடுப்பாகம் தொடாமல் வளைகிறது, அதனால்தான் பஞ்சு மாதிரி இருக்கிறது. முனைகளைத் தேய்த்துத் தேய்த்து ஷூ முழுவதும் டிரம்மில் படியும்படி செய்ய வேண்டும். அவ்வளவுதான். எமரித் தாளை வைத்துக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தார். தேய்ப்பார், சாக்பீஸ் பூசுவார், மாட்டுவார், நான் பிடிப்பேன், கழற்றுவார். அலுவலகத்திலிருந்து வந்ததும் அதே வேலை. என்னிடமும் ஒரு பாடம் ஒப்பித்தார். "என்ன வேணும்னாலும் செய்யலாம். இந்த லைனிங்குல மட்டும் எண்ணெய் படக்கூடாது. பட்டா குடிச்சிரும். அப்புறம் அது செத்தது, பாத்துக்கிடுங்க."

ஷூ முழுக்கப் படிந்து, எல்லாம் தயாரானது துர்கா பூஜையின் அஷ்டமி அன்று சாயங்காலம். தெருவெல்லாம் டாக் மேளம் அடிக்கிற சத்தம். காலையில் மாட்டிவிடலாம் என்று ஷூவைச் செய்தித்தாளில் வைத்துவிட்டு எழுந்தார். அப்போது ஆவுடை கேட்டாள். "நாளைக்கு ஆயுத பூசையில்லா? நாளைக்கு எந்த ஆயுதத்தையும் தொடக் கூடாது. இதையும் பூசையில வச்சிட்டு நாளன்னைக்கு மாட்டுங்களேன்."

வேறு யாராவது கேட்டிருந்தால் ஒரு பிரசங்கமே நடந்திருக்கும். ஆவுடை அந்த வருஷம் முழுவதும் எதையும் கேட்கவில்லை. "வச்சுக்கோ. ஒரு நாள்ல என்ன ஆயிரப்போவுது" என்றார் சார்.

ஆவுடையின் அப்பா ஊரில் லாரி ஓட்டியவர். ஆயுத பூசை என்றால் அவர்கள் வீட்டில் ஸ்பானர், ஜாக்கி, அரிவாள்மணை எல்லாவற்றையும் கழுவித் துடைத்து, நல்லெண்ணெய் தடவி, சந்தனம் குங்குமம் வைப்பார்களாம். எண்ணெய் தடவினால் துரு ஏறாது. இரும்புக்குச் செய்கிற மரியாதையும் அதுதான். நவமியன்று காலையில் சார் பூ வாங்க லேக் மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில், நிற்க முடியாத அந்தப் பெண் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் துடைத்து எண்ணெய் தடவியிருக்கிறாள். ஸ்பானருக்குத் தடவினாள், சுத்தியலுக்குத் தடவினாள். அந்த இரண்டு ஷூவுக்கு மட்டும் விசேஷமாக, உள்ளங்கையில் எண்ணெயை ஊற்றி, குழந்தைக்குத் தேய்ப்பதுபோல நன்றாக ஊறும்படி தேய்த்திருக்கிறாள்.

நான் சுண்டலுக்காகக் கீழே இறங்கிப்போனபோது எல்லாம் வாழையிலையில் வரிசையாக இருந்தன. ஷூ இரண்டும் பளபளவென்று மின்னின. நடுவில் குங்குமப் பொட்டு.  "ஐயோ ஆவுடை, என்ன..." என்று வாயைத் திறந்துவிட்டேன். சங்கரலிங்கம் சார் பூக்கூடையோடு என் பின்னாலேயே உள்ளே வந்தவர் இலையைப் பார்த்தார். பார்த்த கணத்தில் அவர் முகம் போன போக்கை நான் மட்டும்தான் பார்த்தேன். மறு கணம், "கோமதிம்மா, சுண்டல் எடுத்துக்கிடுங்க, சுண்டல்!" என்று தட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். வாய் அடைத்துக்கொண்டது.

"நல்லா இருக்கா?" என்று ஆவுடை கேட்டாள். சுண்டலையா, பூசையையா என்று எனக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நல்லா இருக்கு" என்றார் சார். அன்று முதன்முதலாக அவர் சாமி படத்துக்கு முன்னால் கை கூப்பி நின்றதைப் பார்த்தேன்.

மறுநாள் விஜயதசமி. அவள் தூங்கும்போது ஷூவை என் மாடிக்குக் கொண்டுவந்தார். பெட்ரோலில் கழுவினோம். வெயிலில் வைத்தோம். ஸ்டவ்வில் காட்டினோம். லைனிங்கிலிருந்து எண்ணெய் கசிந்து கசிந்து வந்துகொண்டே இருந்தது. துடைத்தால் உலர்ந்த மாதிரி இருக்கும், சூடு பட்டால் மறுபடி வியர்க்கும். இத்தனை வாரம் தேய்த்துத் தேய்த்துச் செய்த வேலை! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. புது லைனிங் வாங்கலாம் என்றால் இந்த ஊரில் பூஜை சமயத்தில் ஒரு குண்டூசி கிடைக்குமா? கடை எல்லாம் லக்ஷ்மி பூஜைக்குப் பிறகுதான் திறக்கும். நிமாய்தா மேதினிபூரில் சொந்த ஊருக்குப் போயிருந்தார். ஆஸ்பத்திரி மட்டும் அதற்கெல்லாம் காத்திருக்காது. மறுநாளே போக வேண்டும்.

"அவளிடம் சொல்லி டாக்ஸி வையுங்கள்" என்றேன்.

"என்னன்னு சொல்ல? நீ எண்ணெய் தடவிக் கெடுத்துட்டன்னா?"

"ஆமாம். அப்படித்தான் சொல்ல வேண்டும். நடந்தது அதுதானே?"

"சொல்ல வேண்டாம் கோமதிம்மா" என்றார். 

என் வாய் உங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். அதற்கு ஒரு காரணம் உண்டு. என் கணவர் படுத்திருந்தபோது டாக்டரும் மாமனாரும் மற்றவர்களும் சேர்ந்து எனக்கு நல்ல செய்தியாகவே சொன்னார்கள். நானும் நம்பிக்கொண்டு, அவர் வீட்டுக்கு வந்ததும் செய்து கொடுக்க எள்ளுருண்டைக்கு எள் வறுத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து பொய் என்றால் எனக்கு ஆகாது, அது நல்லதற்காகச் சொன்ன பொய்யாக இருந்தாலும். இதை அவரிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். ஆனாலும் மறுநாள் அந்தச் செத்துப்போன ஷூவையே மாட்டிக்கொண்டு அவளைக் கூட்டிப் போனார்.

முன் பிரேக் சுத்தமாக வேலை செய்யவில்லை. பின் பிரேக்கைத் தொட அவருக்கு மனமில்லை. ஆகவே கியரை இறக்கி இறக்கி, என்ஜினை வைத்தே வண்டியைக் கட்டுப்படுத்தி, கடைசியில் காலைத் தரையில் ஊன்றி நிறுத்திக்கொண்டு போயிருக்கிறார். சைக்கிள் ரிக்ஷாக்கள் மணியடித்து முந்திப் போயினவாம். கங்கையில் சிலை கரைத்துவிட்டு வரும் லாரிகள் எதிரே வரும்போதெல்லாம் தெரு ஓரத்தில் ஒதுங்கி, அவை போன பிறகு மறுபடி கிளம்பியிருக்கிறார். போனவர்கள் திரும்பி வரவேண்டுமே என்று வாசலில் நின்றுகொண்டிருந்த எனக்கு, ஆவுடை இறங்கும்போதே சத்தமாகச் சொன்னாள்.

"அக்கா! இன்னைக்கு வண்டி பூப்போல போச்சு! ஒரு இடத்துல வெட்டல. ஒரு இடத்துல வலிக்கல. நான் பூசை வச்சேன்லா, அதான்!"

சார் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். சட்டை முதுகெல்லாம் வேர்வை. "ஆமா. பூசைதான்" என்றார்.

லக்ஷ்மி பூஜை முடிந்தது. கடைகள் திறந்தன. புது ஷூ வாங்கி வந்தார். முனை தேய்த்து, சாக்பீஸ் பூசி, சரிபார்த்து, தயாராக என் அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். ஆனால் மாட்டவில்லை. ஒரு வாரம் போனது, இன்னொரு வாரம் போனது. பழைய ஷூவோடேயே அவளைக் கூட்டிப் போய் வந்துகொண்டிருந்தார். எனக்கு வந்ததே கோபம்! அலுவலகப் படிக்கட்டில் மறித்துக்கொண்டேன். "பிரேக் இல்லாத வண்டியில் அவளை உட்காரவைத்து ஓட்டுகிறீர்களே, இரண்டு பேரும் ஒன்றாகப் போய்ச் சேரவா? உங்களுக்குப் பைத்தியமா?"

அவர் கோபப்படவில்லை. சுவரில் சாய்ந்துகொண்டு மெதுவாகத்தான் சொன்னார். "அவ உடம்புல இனிமே நல்லது ஒண்ணும் நடக்காது கோமதிம்மா. டாக்டர் எங்கிட்ட எப்பமோ சொல்லிட்டாரு. நடந்த நல்லது இந்த ஒண்ணுதான். அதுவும் அவ கையால நடந்திருக்கு. அத நான் போய்க் கழட்டணுமாக்கும்?"

 தலையில் அடித்துக்கொண்டு என் மேஜைக்குப் போனேன். அன்றிலிருந்து அவர்கள் திரும்பி வரும்வரை எனக்குக் கோப்பில் கண் ஓடாது.

குளிர் தொடங்கியபோது, இனி கரண்ட் வேண்டாம், வீட்டிலேயே இருக்கட்டும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும். ஆவுடை தெரு முழுக்கச் சொன்னாள், கரண்ட் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், கட்டி கரைந்துவிட்டது என்று. மாஷிமாவுக்குச் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுக்கச் சொன்னாள். சார் வாங்கி வந்தார். மாஷிமா அதைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன். பொங்கலுக்கு முன்னாலேயே ஆவுடை போய்விட்டாள். கடைசிவரை அவள் அந்தப் பூசையை நம்பினாளா, தெரியாது. நம்பினாள் என்றுதான் இவ்வளவு வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

காரியம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை சார் மாடி ஏறி வந்து, "அந்த ஷூவக் கொடுங்க. கொஞ்சம் வந்து புடிச்சுக்கிடுங்க" என்றார். மாட்டினார். அச்சு நட்டைத் தளர்த்திவிட்டு என்னை பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்திருக்கும்போதே நட்டை முறுக்கினார். அப்படிச் செய்தால் ஷூ இரண்டும் நடுவாக வந்து உட்காருமாம். விட்டுவிட்டுப் பிடித்தேன். கல் மாதிரி இருந்தது. கைப்பிடி கொஞ்சம் உள்ளே வந்தது, அங்கேயே நின்றது. எவ்வளவு அழுத்துகிறேனோ அவ்வளவு பிடித்தது. வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி, வேகமாக வந்து வாசலில் நிறுத்தினார். ஒரு குலுக்கல் இல்லை. தண்ணீர்க் குடத்தை வைத்திருந்தால் ஒரு சொட்டுச் சிந்தியிருக்காது.

"இப்ப சரியா இருக்கு" என்றார். இறங்கி, அந்தப் பின் சீட்டைக் கையால் தடவிக்கொண்டு, அங்கேயே வாய்விட்டு அழுதார். நானும் அழுதேன். இந்தப் பாழாய்ப்போன பிரேக்கை இரண்டு மாதம் முன்னால் மாட்டியிருக்கக் கூடாதா என்று அப்போதும் என் வாய் கேட்டது.  பிறகு வண்டியை ஜாதவ்பூர் பல்கலைக்கழக மாணவன் ஒருவனுக்குக் கொடுத்துவிட்டார். "எல்லாத்துக்கும் எண்ணெய் விடலாம், சக்கரத்துக்குள்ள மட்டும் விடக் கூடாது" என்று அவனிடம் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பினார்.

அதன் பிறகு இத்தனை வருஷம் அவர் அதே கீழ்வீட்டில் தனியாகத்தான் இருந்தார். நம் கூட்டங்களில் நாற்காலி போட்டார். சுண்டல் சாப்பிட்டார். ஆவுடையைப் பற்றி என்னிடமும் பேசவில்லை.

போன மாதம் நெஞ்சு வலி என்று சேர்த்தார்கள். இருதயம் பெரிதாகி, தளர்ந்துபோய்விட்டது, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை, வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்று டாக்டர் வராந்தாவில் வைத்து என்னிடம் சொன்னார். வேண்டியவர் என்று யார் இருக்கிறார்கள்? நான் வார்டுக்குள் போனேன். கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார்.

"டாக்டர் என்ன சொல்லுதாரு கோமதிம்மா?"

என் வாயைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எந்தப் பொய்யும் ஆகாது என்று இருபது பேர் நடுவில் சண்டை போட்டிருக்கிறேன். அவர் முகத்தைப் பார்த்தேன். "அடுத்த வாரம் வீட்டுக்குப் போகலாம் என்கிறார்" என்றேன்.

அவர் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முகம் மலர்ந்தது. "அடுத்த வாரமா? அப்ப சரி. பால்காரன்ட்ட திங்கக்கெழமையிலேர்ந்து ஊத்தச் சொல்லிருங்க" என்றார். எனக்கு நிம்மதியாகிவிட்டது. நம்பிவிட்டார், நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு, போய்வருகிறேன் என்று எழுந்தேன். அவர் கையைத் தூக்கிச் சிரித்து அனுப்பினார்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் பாதி இறங்கும்போதுதான் உறைத்தது. அவருக்கு எல்லாம் தெரியும். நம்பினது நான்தான். முதல் முறையாக ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற எனக்காக, அவர் பால்காரனைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். படியில் அப்படியே உட்கார்ந்தேன். பூப்போல போச்சு என்று வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாளே ஆவுடை, தெருவெல்லாம் சொல்லி மாஷிமாவுக்குச் சந்தேஷ் கொடுக்கச் சொன்னாளே, அதெல்லாம் யாருக்காகச் சொன்னது? வேர்வையில் நனைந்த அந்தச் சட்டை முதுகு வழியெல்லாம் அவள் கண் முன்னால்தானே இருந்தது?

அவர் எனக்கு விட்டுப்போனது, நம்பினமாதிரி சொன்ன அந்த "அப்ப சரி" ஒன்றுதான். அது அவருடைய சொல்லா, ஆவுடையிடமிருந்து அவருக்கு வந்ததா என்று கேட்க இனி ஒருவரும் இல்லை. பால்காரனிடம் சொல்லியிருந்தேன். திங்கட்கிழமை அவன் வந்து அவர் வாசலில் மணியடித்தான். கீழே போய் வாங்கிக்கொண்டேன்.